வாசகர் கேள்வி பதில்: 'வேண்டாம்' என்றும் சொல்லலாமா?

போன இதழில் ஒரு வாசகி, "கைம்மாறு எதிர்பார்க்காமல் யாராவது உதவுவார்களா?" என்று கேட்டிருந்தார். தேவாலயங்களைச் சார்ந்த அறக்கட்டளைகளில் சிலவற்றைப் போய்ப் பாருங்கள் என்று இரண்டே வரியில் பதில் போட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. பாதி பாராட்டு, பாதி திட்டு. ஆகவே இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை.

கேள்வி: சோறு போடுவது, பள்ளிக்கூடம் கட்டுவது எல்லாம் கடைசியில் ஆள் சேர்க்கத்தானே? மழுப்பாமல் சொல்லுங்கள்.

சிலருக்கு அதுதான் நோக்கம். பலருக்கு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: அதே அண்டா, அதே கரண்டி, சுவரில் அதே சிலுவை. அடுத்தவர் மனசைத் தோண்டிப் பார்க்க எனக்குத் தெரியாது என்பதால் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிப்பேன். உதவி வாங்க வந்தவர் "ஜெபம் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதே நிறைந்த தட்டோடு வெளியே போக முடிகிறதா?

அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோய் பிடித்து அழுகி, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கத்தோலிக்கர்கள். அப்போது சில புராட்டஸ்டன்ட் அமைப்புகள் சூப் கொடுத்தன, ஆனால் பிள்ளைகள் தங்கள் பள்ளியில் உட்கார்ந்து தங்கள் பாடத்தைக் கேட்க வேண்டும் என்றன. பசி தாங்காமல் போனவர்களை ஊர் மன்னிக்கவில்லை, 'சூப்புக்குப் போனவர்கள்' என்பது தலைமுறை தலைமுறையாக வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. அதே பஞ்சத்தில், அதே நாட்டில், குவேக்கர்கள் என்கிற சின்னக் கிறிஸ்தவப் பிரிவினர் 1846 கடைசியில் டப்ளினில் ஒரு நிவாரணக் குழு அமைத்துப் பெரிய பெரிய கொப்பரைகளில் சூப் காய்ச்சி ஊற்றினார்கள். நீ எந்தச் சபை, எந்தக் கோயில் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை அயர்லாந்து இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறது. இரண்டு தரப்பும் படித்தது ஒரே பைபிள்.

பெரிய அமைப்புகள் இதை எழுத்திலேயே வைத்துவிட்டன. 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் முக்கியமான தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர் உதவிக்கு ஒரு நடத்தை விதி எழுதின. மத நிலைப்பாட்டையோ அரசியல் நிலைப்பாட்டையோ வளர்க்க நிவாரணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் மூன்றாவது விதி. அதை முன்மொழிந்தவர்களில் கத்தோலிக்கக் காரித்தாஸ் இருக்கிறது, லூத்தரன் உலகக் கூட்டமைப்பு இருக்கிறது, உலகத் திருச்சபைகள் மன்றமும் இருக்கிறது. எழுதி வைத்த எல்லோரும் அதன்படியே நடக்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் கண் முன்னால் ஒருவர் மீறினால், நீங்களே ஒப்புக்கொண்ட விதி இது என்று எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

கேள்வி: தங்கள் மதத்துக்காரர்களுக்கு மட்டும்தான் செய்வார்களா?

இல்லை. இந்தப் புகார், சரியாகச் சொன்னால் இதற்கு நேர் எதிரான புகார், ரொம்பப் பழசு. நாலாம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வங்களை மறுபடி நிலைநிறுத்தப் பார்த்தார். தன் பூசாரி ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தக் 'கலிலேயர்கள்' (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளைப் பார்த்துக்கொள்வது மட்டுமல்ல, நம்முடைய ஏழைகளையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், நமக்கு வெட்கக்கேடு என்று புலம்பியிருக்கிறார். எதிரி கொடுத்த சான்றிதழைவிட நல்ல சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

கேள்வி: குடித்துக் கெட்டவன், சூதாடித் தோற்றவன், வேலைக்குப் போகாதவன். இவர்களுக்கெல்லாம் உதவினால் சோம்பேறித்தனம்தானே வளரும்?

வில்லியம் பூத் என்று ஒரு போதகர். மனைவி கேத்தரினோடு சேர்ந்து 1865-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு பணியைத் தொடங்கினார், பின்னாளில் அதுதான் இரட்சணிய சேனை ஆனது. உங்கள் கேள்வியை அவரிடமும் வாரத்துக்கு நாலு பேர் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது, அவர் வண்டிக் குதிரையைக் காட்டினார். லண்டன் தெருவில் வண்டி இழுக்கிற குதிரை தடுக்கி விழுந்தால், அது ஏன் விழுந்தது, கவனக் குறைவா, கொழுப்பா என்று நின்று விசாரிப்பார் இல்லை. முதலில் தூக்கி நிறுத்துவார்கள். அப்புறம் அதற்குத் தீனி உண்டு, ஒதுங்க லாயம் உண்டு, செய்ய வேலை உண்டு. இந்த அளவுக்காவது மனுஷனுக்குக் கொடுங்கள் என்றார். 1890-இல் சொன்னது.

மூன்றாவதாகச் சொன்ன அந்த 'வேலை'யைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அப்போது தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புழங்கியது. அதன் ஆவி பட்டுப் பட்டு வேலை செய்கிறவர்களின் தாடை எலும்பு அழுகும், முதலில் பல்வலி, பிறகு வீக்கம், சீழ், கடைசியில் தாடையையே எடுக்க வேண்டி வரும். வேலைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள், சிறுமிகள். தாடை அழுகியவளுக்கு ரொட்டியும் போர்வையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், பல தர்மவான்கள் அதைத்தான் செய்தார்கள். இரட்சணிய சேனை 1891-இல் சொந்தமாக ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையே திறந்தது. ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸ், கூடுதல் கூலி, காற்றோட்டமான கட்டடம். பெட்டி கொஞ்சம் விலை அதிகம், அதனால் வியாபாரமாகப் பார்த்தால் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் முடியவே முடியாது என்று சாதித்துக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. 1901-க்குள் பெரிய கம்பெனியே வெள்ளைப் பாஸ்பரஸை விட்டது, 1908-இல் பிரிட்டனில் தடைச் சட்டமும் வந்தது.

குடிகாரரைப் பற்றிக் கேட்டீர்கள். அவரைத் திருத்திவிட்டுத்தான் படுக்கை கொடுப்பேன் என்றால் அவர் தெருவிலேயே செத்துப்போவார். முதலில் படுக்கை.

கேள்வி: கணவர் போன பிறகுதான் அவர் வைத்துவிட்டுப் போன கடன்கள் தெரிய வந்தன. கடிதம் வந்தால் பிரிக்கவே பயமாக இருக்கிறது. ஒரு சபையில் கடன் ஆலோசனை தருகிறார்கள் என்று தோழி சொல்கிறாள். நான் கிறிஸ்தவள் இல்லை, போகலாமா? (பெயர் வேண்டாம்)

போங்கள் அம்மா. பிரிக்காத கடிதங்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.

கடன் ஆலோசனை செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்கிற காட்சி ஒன்று உண்டு. வீட்டுக்குப் போவார்கள், உட்காரச் சொல்வார்கள், கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேச்சு ஓடும், அப்புறம் வீட்டுக்காரர் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்தோ அலமாரியின் மேல்தட்டிலிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து மேஜையில் வைப்பார். உள்ளே ஐம்பது அறுபது உறைகள், ஒன்றுகூடப் பிரிக்காதவை. வந்தவர்களின் முதல் வேலை அவற்றைப் பிரிப்பது, அவ்வளவுதான். ஒருவர் உறையைக் கிழிக்க, இன்னொருவர் தேதி வாரியாகவும் கடன்காரர் வாரியாகவும் அடுக்குவார். ஒரு மணி நேரத்தில் அறுபது உறை ஏழெட்டுக் கடன்களாகச் சுருங்கிவிடும், ஏனென்றால் பாதிக் கடிதம் ஒரே ஆள் திரும்பத் திரும்ப அனுப்பியதாக இருக்கும். தொகை குறைந்திருக்காது. ஆனாலும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாகிவிடும்.

இதையே முழுநேர வேலையாகச் செய்கிற ஒரு அமைப்பு பிரிட்டனில் இருக்கிறது. 'வறுமைக்கு எதிரான கிறிஸ்தவர்கள்' என்று பெயரைத் தமிழாக்கலாம். 1996-இல் பிராட்ஃபோர்டு நகரில் ஜான் கிர்க்பி என்பவர் தொடங்கியது. அவர் தானே கடனில் மூழ்கி எழுந்தவர். அவர்கள் கையில் காசு கொடுப்பதில்லை, கடனும் கொடுப்பதில்லை. பக்கத்துச் சபையிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வருவார்கள். வரவு இவ்வளவு, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு, மிச்சம் இவ்வளவுதான் என்று ஒரு கணக்குப் போட்டு, அலுவலகத்தில் இருப்பவர்கள் கடன்காரர்களோடு பேசுவார்கள். அடைக்கவே முடியாத நிலை என்றால் சட்டப்படி திவாலாவதற்கான வழியைச் சொல்வார்கள். போகும்போது "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், கணக்கு வேலை நிற்காது.

நீங்கள் போகிற இடத்திலும் முதல் நாளே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: இதற்குக் கட்டணம் உண்டா, சபைக் கூட்டத்துக்கு வராவிட்டாலும் என் வேலை நடக்குமா? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று. கணவரின் கடன் முழுவதும் மனைவி தலையில் விழும் என்று எல்லாக் கடனுக்கும் சொல்ல முடியாது. உங்கள் கையெழுத்து எதில் இருக்கிறது, எதில் இல்லை என்பதை ஒரு வக்கீலிடம் காட்டுகிற வரைக்கும் எதையும் ஒப்புக்கொண்டு புதிதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: மாதாமாதம் ஒரு பிள்ளைக்குப் பணம் கட்டுகிறேன். போட்டோவும் கடிதமும் வருகின்றன. பணம் அந்தப் பிள்ளைக்குத்தான் போகிறதா?

அப்படியே கவரில் போட்டு அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தால், இல்லை. சில அமைப்புகள் அந்தப் பணத்தை ஊர்ப் பொதுவில் தண்ணீருக்கும் பள்ளிக்கும் சுகாதாரத்துக்கும் செலவிடுகின்றன, சில அமைப்புகள் உள்ளூர்ச் சபையின் வழியாகப் பதிவான பிள்ளைகளுக்குச் சீருடை, மருத்துவம், மாலை வகுப்பு என்று செய்கின்றன. உங்களுடையது எந்த ரகம் என்று எழுதிக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கம்பாஷன் என்கிற அமைப்பு 1952-இல் கொரியப் போர் அனாதைகளுக்காகத் தொடங்கியது. அதன் திட்டத்தில் சிறுவயதில் இருந்து இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களை, இந்தியா, கென்யா உட்பட ஆறு நாடுகளில், புரூஸ் வைடிக் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் கூட்டாளிகளும் தேடிப் பிடித்து, திட்டத்தில் சேராத உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: திட்டத்தில் இருந்தவர்கள் சராசரியாக ஒரு வருஷத்துக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள், அலுவலக வேலைகளில் இருப்பவர்களும் அதிகம். பிள்ளையின் மனதில் 'நானும் ஏதாவது ஆகலாம்' என்ற எண்ணம் வளர்ந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் நீங்கள் எழுதுகிற கடிதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது, எழுதாமல் விடாதீர்கள்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. நாம் ஆல்பத்தைப் புரட்டி, சிரிக்கிற பிள்ளையாகப் பார்த்து எடுப்பது. வேர்ல்டு விஷன் 2019-இல் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது: பணம் தருகிறவர்களின் போட்டோக்களைச் சுவரில் மாட்டிவிட்டு, பிள்ளைகளை வந்து எடுக்கச் சொன்னார்கள். விளம்பர உத்திதானே என்று சொல்லலாம். இருக்கட்டும். ஒரு நிமிஷம் உங்கள் போட்டோ அந்தச் சுவரில் தொங்குவதாக நினைத்துப் பாருங்கள், யாரும் எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று.

கேள்வி: அனாதை இல்லம் ஒன்று கட்டித் தரலாம் என்று எங்கள் குடும்பத்தில் பேச்சு. நல்ல யோசனைதானே?

நல்ல மனசு. யோசனையைக் கொஞ்சம் ஆறப் போடுங்கள்.

உலகம் முழுக்க அனாதை இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அனாதைகள் இல்லை. அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமையில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கட்டடம் எழும்பினால் அதை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும், பிள்ளைகளைத் தேடி ஆள் போவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டலில் நடத்திய இல்லங்களில் பத்தாயிரம் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அப்போது மாற்று வழியே இல்லை, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே காலத்து லண்டனில் தாமஸ் பர்னார்டோ, ஆதரவற்ற எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று கதவில் எழுதி வைத்தவர், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கும் அனுப்பினார். நல்ல காற்று, நல்ல பண்ணை என்று மனசார நம்பித்தான் செய்தார். பல பிள்ளைகள் அங்கே கூலியாட்களாக உழைத்தார்கள், ஊரில் அம்மா இருந்தும். இப்படிப் பல அமைப்புகளும் அரசும் சேர்ந்து பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியதற்காக 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். பர்னார்டோவின் அமைப்பு இன்றைக்கும் இருக்கிறது, பழைய மாதிரி பெரிய அனாதை இல்லங்களை எப்போதோ விட்டுவிட்டுக் குடும்பங்களுக்குள் பிள்ளைகளைப் பாதுகாக்கிற வேலையைச் செய்கிறது.

கட்டடத்துக்கு வைத்திருக்கிற பணத்தில் எத்தனை தாய்மார்கள் தங்கள் பிள்ளையைத் தங்களோடே வைத்துக்கொள்ள முடியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசலில் பெயர் பொறித்த கல்வெட்டு கிடைக்காது, அது ஒன்றுதான் நஷ்டம்.

கேள்வி: தொழுநோய்க்கு மருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே. மிஷன்காரர்கள் இன்னும் அதற்காக ஏன் பணம் திரட்டுகிறார்கள்?

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1980-களின் தொடக்கத்தில். கிருமி செத்துவிடும், உண்மை. ஆனால் செத்த நரம்பு பெரும்பாலும் திரும்ப வராது. 2023-இல்கூட உலகம் முழுக்க 1,80,000-க்கு மேல் நோயாளிகளைப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதில் பலர் நரம்பு கெட்ட பிறகுதான் வந்தவர்கள்.

விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. நோய் சதையைத் தின்கிறது என்றே நினைத்தார்கள். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவர்தான் ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று துப்பறியும் ஆள் மாதிரி பின்தொடர்ந்தார். துருப்பிடித்த பூட்டை அவராலேயே திறக்க முடியவில்லை, ஒரு நோயாளிச் சிறுவன் வந்து ஒரே திருகில் திறந்துவிட்டான். கீழே பார்த்தால் ரத்தச் சொட்டு. சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. சதை அழுகவில்லை, வலி என்கிற காவல்காரன் இல்லை, அவ்வளவுதான். ராத்திரி தூங்கும்போது விரல் நுனி காணாமல் போவதற்குக் காரணம் எலி என்று தெரிந்ததும், வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த மருந்துச் சீட்டு அது.

நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துகிற அறுவைச் சிகிச்சையை அவர் அங்கே 1948 வாக்கில் தொடங்கினார். கை சரியாகி ஊருக்குப் போனவர்கள் பரிதாபமாகத் திரும்பி வந்தார்கள்: நேரான கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை, தொழுநோய் வந்தவன் என்று யாரும் வேலையும் கொடுக்கவில்லை. அவர்களைக் கேட்ட பிறகுதான் மருத்துவமனைக்கு உறைத்தது. தச்சு வேலையும் மற்றத் தொழில்களும் கற்றுக்கொடுக்கத் தனியாக ஒரு இடம் அமைத்தார்கள்.

இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், வேலை மிகச் சாதாரணமாக இருக்கும். உணர்ச்சியில்லாத பாதத்தை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைப்பது, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்ப்பது, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுவது, விரலிடுக்கில் கல், முள், வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது, ஏனென்றால் கண்தான் இனி அந்தக் காலுக்கு வலி. மென்மையான ரப்பரில் அளவெடுத்துச் செருப்பு தைப்பது. தினமும், ஆயுள் முழுக்க. 1874-இல் வெல்லெஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோய் மிஷன் போன்றவர்கள் இதற்குத்தான் பணம் கேட்கிறார்கள். போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது.

கேள்வி: அன்னை தெரசாவையே குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, இது நன்றி கெட்டத்தனம் இல்லையா?

குறை சொன்னவர்களில் வெறுப்பில் பேசியவர்கள் உண்டு, அக்கறையில் பேசியவர்களும் உண்டு. 1994-இல் லான்செட் மருத்துவ இதழில் ராபின் ஃபாக்ஸ், கொல்கத்தா இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். நோயாளிகள் சுத்தமாக, அன்போடு பார்த்துக்கொள்ளப்படுகிறார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை, ஆனால் முறையான நோயறிதலும் கடுமையான வலிநிவாரணியும் போதவில்லை என்றார். தெருவில் கிடந்தவரைத் தூக்கி வந்து, குளிப்பாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது பெரிய காரியம், வேறு யாரும் தொடத் தயாராக இல்லாத காலம் அது. அதோடு அந்த விமர்சனமும் சரிதான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள முடியும்.

அதே கிறிஸ்தவ நம்பிக்கையோடு இன்னொரு பெண்மணி இன்னொரு வழியில் போனார். சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், சாகிறவர்களின் வலியை டாக்டர்கள் கண்டுகொள்வதில்லை என்று பார்த்து, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து டாக்டரானவர். அதுவரை என்ன வழக்கம் என்றால், நோயாளி வலியில் கதறினால் மார்ஃபின் ஊசி, அது இறங்கினதும் மறுபடி கதறல், மறுபடி ஊசி. அவர் கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்பே அளவாகக் கொடுக்க வேண்டும் என்றார். கெஞ்சுகிற நிலைக்கே ஆளைத் தள்ளக் கூடாது. 1967-இல் லண்டனில் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க இன்றைய நோய்தணிப்பு மருத்துவம் வளர்ந்தது. அங்கே தேவாலயமும் உண்டு, கடவுளே இல்லை என்கிறவருக்கும் அதே மார்ஃபின் உண்டு. எனக்குக் கேட்டால், நேரம் தவறாமல் வருகிற அந்த மருந்தும் ஒரு ஜெபம் மாதிரிதான். டாக்டர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: புனிதர் மாதிரி பேசப்பட்டவர்களே பாலியல் அத்துமீறல் செய்திருக்கிறார்கள். பிறகு யாரை நம்பிப் பணம் கொடுப்பது?

ஆளை நம்பிக் கொடுக்காதீர்கள். ஜான் வானியே 1964-இல் பிரான்சில் ஒரு கிராமத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கி, 'லார்ஷ்' என்ற அமைப்பாகப் பல நாடுகளில் பரவச் செய்தவர். 2019-இல் இறந்தபோது உலகமே புகழ்ந்தது. மறு வருஷமே, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் ஆறு பெண்களிடம் அத்துமீறியிருக்கிறார் என்று ஒரு விசாரணை அறிக்கை சொன்னது, 2023 அறிக்கையில் அந்த எண்ணிக்கை 25 ஆனது. அந்தப் பெண்களால் ஏன் மறுக்க முடியவில்லை? எதிரில் இருந்தவர் கடவுளின் பெயரைக் கையில் வைத்திருந்தார். விசாரணைக்கு ஏற்பாடு செய்து முடிவை உலகத்துக்குச் சொன்னது அந்த அமைப்பேதான் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீடுகள் இன்றைக்கும் நடக்கின்றன.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது இதுதான். அங்கே தங்கியிருப்பவர் நிறுவனருக்கு எதிராகவே ஒரு புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போவார்? அந்த ஆள் அமைப்புக்கு வெளியே இருக்கிறாரா? "இங்கே அந்த மாதிரி எதுவும் நடக்காது" என்று பதில் வந்தால் பர்ஸை மூடிவிடுங்கள்.

கேள்வி: பழைய துணிகள் இரண்டு மூட்டை இருக்கின்றன. எங்கே கொடுக்கலாம்?

உங்கள் தங்கைக்குக் கொடுப்பீர்களா என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். கொடுக்கலாம் என்பதை மட்டும் துவைத்து, பொத்தான் தைத்து, முதலில் போன் செய்து வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். மிச்சம் தரை துடைக்க.

கேள்வி: வேலை போய் மூன்று மாதம். உணவு வங்கியில் போய் நில் என்கிறார்கள். வாழ்நாளில் யாரிடமும் கை நீட்டியதில்லை, வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

வாசல் வரை போய்த் திரும்பியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை, உள்ளே இருப்பவர்களுக்கும் அது தெரியும். பிரிட்டனில் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிற ட்ரஸ்ஸல் உணவு வங்கிகளின் கதையே ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. ஒரு கிறிஸ்தவத் தம்பதி பல்கேரியாவில் தெருவில் தூங்கும் பிள்ளைகளுக்காக 1997-இல் அந்த அறக்கட்டளையைத் தொடங்கி நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரான சாலிஸ்பரியிலிருந்தே ஒரு தாய் கூப்பிட்டு, என் பிள்ளைகள் இன்று ராத்திரி பட்டினியாகப் படுக்கப் போகிறார்கள், அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் 2000-இல் முதல் உணவு வங்கி பிறந்தது. அந்த அம்மா கை நீட்டவில்லை, கேள்வி கேட்டார்.

நடைமுறை சொல்கிறேன், தெரிந்துகொண்டு போனால் கால் கூசாது. இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் அங்கே பொதுவாக டாக்டரோ பள்ளியோ சமூகப் பணியாளரோ ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அதைக் காட்டினால் மூன்று நாளைக்குப் போதுமான பொருள் கிடைக்கும். வரிசையில் நிற்க வைக்காமல் மேஜை போட்டு உட்கார வைத்து, முதலில் ஒரு கோப்பை டீ தருகிற இடங்கள் நிறைய. சீட்டில் வீட்டில் எத்தனை பேர் என்று இருக்கும். அப்புறம் ஒருவர் வந்து, சமைக்க அடுப்பு இருக்கிறதா, இல்லை வெந்நீர் வைக்கிற கெட்டில் மட்டும்தானா என்று கேட்பார். மின்சாரம், எரிவாயுவுக்குக் காசில்லாதவர்களும், ஒற்றை அறையில் தங்கியிருப்பவர்களும் வருவார்கள் என்பதால் அந்தக் கேள்வி. உள்ளதைச் சொல்லுங்கள். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற பொருள்களாகப் பார்த்துத் தனிப் பையாகக் கட்டி வைத்திருப்பார்கள். பை கைக்கு வந்ததும் அங்கேயே திறந்து பாருங்கள், உங்கள் வீட்டில் யாரும் தொடாத டப்பா ஏதாவது இருந்தால் எடுத்து மேஜையிலேயே வைத்துவிட்டு வரலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அடுத்து வருகிறவருக்கு ஆகும்.